கணவரின் அந்தக் காலை நீங்கள் பார்த்ததுண்டா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். எங்களுக்குத் திருமணமான நான்காம் ஆண்டு, காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் அவருடைய இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் செயற்கைக் கால் பொருத்தி அனுப்பினார்கள். ஊர் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் கணவன் மனைவியாக இல்லை. முகப்பில் கட்டில் போட்டுத் தனியாகப் படுக்கிறார். தூக்கத்தில் கத்துவார், தொட்டு எழுப்பினால் என் கையை முறித்துவிடுவதுபோல் பிடிப்பார். மற்றபடி எனக்கு வீட்டில் சிரமம் இல்லை. இரவில் காலைக் கழற்றித் துடைத்து மருந்து போடுவதைக்கூட அத்தையே பார்த்துக்கொள்கிறார்கள். என்னிடம்தான் குறையா? மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?
வாசகி, காரைக்குடிக்கு அருகிலிருந்து

பதில்: உங்களிடம் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதை நீங்களே எழுதிவிட்டு, எழுதியது தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

‘அத்தையே பார்த்துக்கொள்கிறார்கள்’ என்று, மாவு அரைப்பதையும் துணி மடிப்பதையும் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணவரின் உடம்பில் மிகவும் வலிக்கும் இடத்தை ஆறு ஆண்டுகளாக நீங்கள் தொட்டதில்லை என்பதல்லவா அதன் பொருள்? செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் உறங்க முடியாது. உங்கள் அறைக்கு வந்தால் அதை உங்கள் எதிரில் கழற்றியாக வேண்டும். இரண்டு கால்களோடு மாப்பிள்ளையாக வந்து நின்றபோது பார்த்த அதே கண்களுக்கு எதிரில். தாயின் முன் அவருக்கு அந்தக் கூச்சம் இல்லை, தாய்க்கு அவர் பிள்ளை. இரவு எட்டு மணிக்குப் பிள்ளையாக்கப்படுகிறவர் ஒன்பது மணிக்குக் கணவராகி உங்கள் கதவைத் தட்ட வேண்டும் என்றால் எப்படி?

அத்தையின் மேல் பழி இல்லை. நீங்கள் நீட்டாத கையை அவர் நீட்டியிருக்கிறார். முதல் நாள் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களா, கணவர்தான் உங்களை விலக்கினாரா என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எதுவானாலும், கட்டியவரின் புண்ணைக் கழுவுவது மனைவியின் கடமை என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். புண்ணை மனைவியிடம் மறைக்காதிருப்பது கணவரின் கடமை என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

செட்டிநாட்டுக்கு இது புதிதன்று. கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போன இடத்திலிருந்து, 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. வழியில் கண்டதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முகப்பிலேயே காலம் கழித்தவர்களைப் பற்றியும், வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுக்குள் ஒன்றும் கேட்காமலே கிழவிகளாகிப்போன அவர்களுடைய மனைவியரைப் பற்றியும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தோம். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை.

கத்துவதும் கையைப் பிடிப்பதும் போர் கண்டவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி காண்பவை. வியட்நாம் போருக்குப் பின், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தார்கள். காவல் பணியிலிருந்து இன்னும் இறங்காத உடம்பு அது. உறக்கத்தில் தொட்டால் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டு, எட்ட நின்று, வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிடுங்கள். இந்தக் கத்தலைவிட இல்லறத்தை அரிப்பது, மனம் மரத்துப்போய் ஆசையும் மகிழ்ச்சியும் எழாமல் இருப்பதுதான். அதை மனைவி வெறுப்பு என்று எண்ணிக்கொள்கிறாள். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அந்த மாத்திரைகளே சிலருக்கு ஆசையைக் குறைக்கும் என்பதால், அப்படி நேர்ந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 முதல் நடக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது. மருத்துவரிடம் அவரோடு நீங்கள் போங்கள், அத்தை வேண்டாம்.

அம்மா வீட்டைப் பற்றி: விழித்திருக்கும்போது அவர் உங்கள் மேல் கை ஓங்கினால், மகளோடு அன்றைக்கே புறப்படுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். தூக்கத்தில் பிடித்த பிடிக்காகப் புறப்படாதீர்கள்.

இன்றிரவு அவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘போன பாதத்தில் இன்னும் வலிக்கிறதா?’ இல்லாத பாதம் வலிக்கும், விரல் அரிக்கும். கால் இழந்தவர்களில் மிகப் பலருக்கு உள்ள வேதனை இது, பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் வெளியில் சொல்வதில்லை. அடுத்து, மருந்து போட உங்களை விடுவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் போர்வையை இழுக்காதீர்கள். சில நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள். சம்மதித்தால், வெதுவெதுப்பான நீரில் கழுவுவதையும், ஈரம் போகத் துடைப்பதையும், தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பதையும் ஒரு வாரம் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் அந்த நீர்க் கிண்ணத்தை அத்தையிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அத்தைக்கு வருத்தம் வரும். நான் சொல்லித்தான் செய்கிறீர்கள் என்று இந்தப் பக்கத்தையே அவரிடம் காட்டுங்கள்.