இரண்டாவது பம்ப் காப்பாற்றுமா? நம்பகத்தன்மை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஹார்ட் டிஸ்க்குக்கு எம்.டி.பி.எஃப். (பழுதுகளுக்கு இடையேயான சராசரி நேரம்) 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. 114 வருடம் ஓடுமா சார்?

பதில்: ஓடாது. அது ஆயுள் இல்லை. தேய்மானம் தொடங்காத ஆயிரம் டிஸ்க்குகளை ஒரு வருடம் விடாமல் ஓட்டினால் ஏறக்குறைய ஒன்பது பழுதாகும், அவ்வளவுதான். வயதான டிஸ்க்குக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி: வேண்டிய நேரத்தில் பம்ப் கைவிட 100-இல் ஒரு வாய்ப்பு. இரண்டு வைத்தால் 10,000-இல் ஒன்று. சரிதானே?

பதில்: பெருக்கல் சரி. ஆனால் இரண்டும் தனித்தனிக் காரணத்தால்தான் கெடும் என்று யார் சொன்னது? ஒரே மின்பலகை, ஒரே தொட்டி, இரண்டிலும் அதே தவறான கேஸ்கெட்டை மாட்டும் ஒரே மெக்கானிக். பழுதுகளில் பத்தில் ஒன்று இப்படிப் பொதுக் காரணத்தால் வந்தாலே விடை 1,000-இல் ஒன்று ஆகிவிடும். மூன்றாவது பம்ப் வாங்கினாலும் அது பெரிதாக இறங்காது.

கேள்வி (அதே நண்பர்): வேறு கட்டிடத்தில் வைத்தால்?

பதில்: ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் அப்படியும் வைத்திருந்தார்கள். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு 13 டீசல் ஜெனரேட்டர்களில் உதவியது ஒன்றே ஒன்று. 2, 4-ஆம் உலைகளுக்கென்று தனிக் கட்டிடத்தில் காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் இருந்தன. அவை மூழ்கவில்லை. அவற்றின் சுவிட்ச் போர்டு அடித்தளத்தில் இருந்தது, அது மூழ்கியது. ஜெனரேட்டரைப் பிரித்தால் போதாது, அதிலிருந்து போகும் வயரையும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

கேள்வி: யு.பி.எஸ்.ஸில் எம்.டி.பி.எஃப். 2 லட்சம் மணி நேரம். அப்படியென்றால் 22 வருடம்...

பதில்: முதல் பதில்.

கேள்வி (வேறொருவர்): பம்ப், டீசல் எல்லாம் பழைய கதை. மென்பொருள் தேயாது, இரண்டு கணினி வைத்தால் போதும்.

பதில்: தேயாதுதான். அதனால்தான் இரண்டும் ஒரே இடத்தில் தடுக்கி விழும். 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அதற்கு முந்தைய ஏரியான் 4-க்கு எழுதிய மென்பொருளை எடுத்துப் போட்டிருந்தார்கள். 16 பிட்டுக்குள் அடங்காத எண் ஒன்று வந்தது. உதவிக்கு வைத்த கணினி முதலில் நின்றது, அதே காரணத்தால் மற்றதும் நின்றது. 40 நொடிக்குள் ராக்கெட் சிதறியது.

கேள்வி: எடையைக் குறைத்துத் தாங்கி ஒன்றை வடிவமைத்தேன். தகைவு (ஓர் அலகுப் பரப்பில் உள்ளே எழும் விசை) மிகச்சரியாக அனுமதித்த எல்லையில் நிற்கிறது. பாதுகாப்பானதா?

பதில்: எடையை முடிந்த மட்டும் குறைத்துத் தேடும் உகந்த விடை பெரும்பாலும் எல்லையில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். சுமைக்கும் எஃகின் வலுவுக்கும் சராசரி எண்களைக் கொடுத்து, பாதுகாப்புக் காரணியும் சேர்க்காமல் விட்டிருந்தால், ஏறக்குறைய பாதிக்குப் பாதி தாங்கிகள் எல்லை தாண்டும். தகைவுக்கு எல்லை போடுவதை விட்டு, எல்லை தாண்டும் வாய்ப்புக்கு எல்லை போடுங்கள். எடை கூடும், பரவாயில்லை. அப்புறம், சுமையின் பரவலை (அது எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை) எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அடுத்த முறை எழுதுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு நோட்ஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி: எல்.இ.டி. பல்புக்கு எம்.டி.பி.எஃப்...

பதில்: ஐயா, முதல் பதில்!