ஐந்து நட்சத்திரம் கம்பெனிக்கா, காருக்கா?

கேள்வி: 2018 மாடல் டாடா நெக்ஸான் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. “டாடான்னாலே ஃபைவ் ஸ்டார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்கிறார் கார் கன்சல்டிங்காரர். பின்சீட்டில் சின்னப் பிள்ளைகள் இருவர் உட்காருவார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். நட்சத்திரம் மோதிப் பார்த்த மாடலுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. 2014-ல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் டாடா நானோ வாங்கியது பூஜ்யம். ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோவும் அப்படியே. இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு. டாடாவின் நல்ல பெயர் அதற்குப் பிறகு நெக்ஸான், ஆல்ட்ராஸ், பஞ்ச் என்று ஒவ்வொரு மாடலாகச் சம்பாதித்தது. அடுத்த மாடல் தேறாவிட்டால் அந்தப் பெயரும் போகும்.

உங்களுக்குச் சிக்கல் அந்த ‘2018’தான். அவ்வருட ஆகஸ்ட்டில் நெக்ஸானுக்கு நான்கு நட்சத்திரம். முன்சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கொடுத்து, பக்கவாட்டு மோதலிலும் தேறி, டிசம்பரில்தான் ஐந்து வந்தது. ஆகவே ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பதிவுத் தேதியை அல்ல. அக்டோபரில் தயாரான வண்டி ஜனவரி 2019-ல் பதிவாகியிருக்கலாம். புரோக்கர் அதை ‘2019 ஃபைவ் ஸ்டார்’ என்பார். 2024-ல் வந்த ரிசல்ட்டைப் போனில் காட்டினாலும் மயங்காதீர்கள். அது புதுப்பித்த நெக்ஸானுக்கு, கடுமையாக்கிய விதிகளின்படி கிடைத்தது. இன்னொன்று: 2018-ன் ஐந்து, பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு மூன்றுதான்.

நான்கு நட்சத்திரம் மோசமில்லை. அடிபட்டு ஒட்டவைத்த வண்டிதான் மோசம். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். கோணல்மாணலாகவோ பட்டி பூசி மறைத்தோ இருந்தால் பில்லரை (கூரையைத் தாங்கும் தூணை) வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். வலுவூட்டிய எஃகைச் சூடேற்றி நிமிர்த்தினால் பழைய பலம் திரும்பாது. பிறகு இக்னிஷனைப் போடுங்கள்: சிவப்பு ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு; எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டர் சொருகி விளக்கை ஒழுங்காக அணைய வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் முன்சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, அடியில் உள்ள லேபிளில் தேதி பாருங்கள். காரைவிடப் புதிய தேதி என்றால் பெல்ட் மாற்றியது ஏன் என்று கேளுங்கள். பெரிய மோதலில்தான் பெரும்பாலும் மாற்றுவார்கள்.

உருக்குலைந்த வண்டியை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள்? ‘டோட்டல் லாஸ்’, அதாவது சரிசெய்வது கட்டாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டி ஆர்.சி.யோடு ஏலத்துக்குப் போய், டிங்கரிங் முடித்து, பாலிஷ் ஏறி உங்கள் முன்னால் நிற்கிறது. ஆர்.சி.யில் விபத்து பற்றி ஒரு வரி அச்சடிக்க அரசுக்கு என்ன கேடோ! அதுவரை, விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பல வருடம் ஓட்டியவரின் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்றிருந்தால் கிட்டத்தில் க்ளெய்ம் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். பாலிசியைக் காட்ட மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் விலையைக் குறைத்துப் பேசி, மிச்சத்தில் பிள்ளைகளின் எடைக்கேற்ற குழந்தை சீட் இரண்டு வாங்குங்கள். பெல்ட்டோ, குழந்தை சீட்டை மாட்டக் காரிலேயே வரும் ஐசோஃபிக்ஸ் கொக்கியோ, இரண்டு சீட்டும் ஆடாமல் மாட்டுகிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.