கேள்வி – பதில்: இரவு எட்டு மணி வகுப்பு

கேள்வி: வயது 44. வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்லைனில் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறேன். இரவு எட்டிலிருந்து பத்து வரை விரிவுரையாளர் ஸ்லைடை வாசித்துக்கொண்டே போகிறார். ரெக்கோர்டிங்கையும் திரும்பப் பார்க்கிறேன், அடுத்த கிழமை ஒன்றும் ஞாபகமில்லை. மூளை மழுங்கிவிட்டதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மூளையை ஏன் திட்டுகிறீர்கள்? பகல் முழுக்கக் கடையில் நின்றவருக்கு இரண்டு மணித்தியாலம் ஸ்லைட் வாசித்தால் இருபது வயதுக்காரனுக்கே கண் சொருகும். எடெக்ஸ் என்ற ஒன்லைன் படிப்புத் தளத்தில் பாட வீடியோக்களைப் பார்த்த 69 லட்சம் பதிவுகளை 2014இல் ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை.

திரும்பப் பார்ப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு தரம் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்டபோது முன்னுக்கு நின்றார்கள், ஆனால் ஒரு கிழமை போனதும் அவர்களுக்கு 42 வீதம்தான் ஞாபகம் இருந்தது, ஒரு தரம் வாசித்துவிட்டு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 வீதம். அதனால் வகுப்பு முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டு வெறும் தாளில் எழுதுங்கள், உங்கள் கடைக் கணக்கையே வைத்து. கடனுக்குக் கொடுத்த சேலை கடன்பட்டோர் கணக்கில் வரவு, அதாவது டெபிட், விற்பனைக் கணக்கில் செலவு, அதாவது கிரெடிட் (விற்றது எப்படிச் செலவாகும் என்று எனக்கும் முதலில் தலை சுற்றியது). வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தோடு ஒட்டித்தான் படிப்பார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களிலேயே எழுதியிருக்கிறார், உங்களிடம் ஒரு கடையே இருக்கிறது.

கேள்வி: பெரியவர்களுக்குச் சூமில் சிங்களம் படிப்பிக்கிறேன். பதினைந்து பேரும் கமராவை மூடிவிடுகிறார்கள். "விளங்கிச்சா?" என்றால் மயான அமைதி.
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: கமராவை விட்டுவிடுங்கள் டீச்சர். பின்னால் பிள்ளை அழும், அடுப்பில் சோறு இருக்கும், டேட்டாவும் காசு. "விளங்கிச்சா?" என்று கேட்டால் வேலைக்குப் போகிற எந்த மனிதர் பதினாலு பேர் முன்னால் "இல்லை" என்பார்? பதிலை எல்லோரும் சாட்டில் டைப் பண்ணி வைத்திருக்கட்டும், நீங்கள் மூன்று எண்ணியதும் ஒன்றாக அனுப்பட்டும். யாரும் தனியாக மாட்டுவதில்லை, யாருக்கு எங்கே பிழைக்கிறது என்பதும் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இலக்கணத்தை முதல்நாளே ஐந்து நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரம் முழுக்கப் பேசுவதற்குத்தான். மூன்று மூன்று பேராகச் சூமிலேயே தனி அறைக்கு (பிரேக்அவுட் ரூம்) அனுப்பி, ஒருவர் த்ரீவீலர்காரர், ஒருவர் பொரளைக்குப் போக "கீயத" (எவ்வளவு?) கேட்பவர், மற்றவர் பிழை பிடிப்பவர். பேரம் பேசத் தொடங்கினால் கூச்சம் தானாகப் போகும்.

கேள்வி: ரெக்கோர்டிங்கை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?
– மாணவி, தெஹிவளை

பதில்: தாராளமாக. கணக்கு வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, விரிவுரையாளர் செய்யுமுன் நீங்கள் செய்து பாருங்கள்.