பூனைக்குப் புழு மருந்து கொடுத்தும் வாலடியில் அரிசி போன்றவை மீண்டும் தென்படுகின்றன. ஏன்?

நீங்கள் பார்ப்பவை நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழும் துண்டுகள். புதிதாக வந்தவை நெளியும். காய்ந்தவை மஞ்சளாகச் சுருங்கி முடியிலும் படுக்கைத் துணியிலும் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் மருந்தின் அட்டையைப் பாருங்கள். பைரன்டெல் மட்டும் இருந்தால், அது உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்குமான மருந்து, நாடாப்புழுவை அசைக்காது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த மாத்திரைகளும் உண்டு.

சரியான மருந்தைக் கொடுத்தும் சில வாரங்களில் திரும்ப வந்தால், மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். குற்றவாளி பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. அதன் இளம்புழுக்கள் நாடாப்புழுவின் முட்டைகளைத் தின்கின்றன. அவை வளர்ந்து பூச்சியானதும், பூனை தன்னை நக்கும்போது அவற்றை விழுங்கிவிடுகிறது. பிராசிகுவான்டெல் அன்று குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை விழுங்கப்போகும் பூச்சிக்கு அது காவல் இல்லை. ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் ஒரே நேரத்தில் தெள்ளுப்பூச்சி மருந்து போடுங்கள். படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவையுங்கள். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுத்துவிடும். பூனை எலி பிடிப்பதாக இருந்தால் அதுவும் ஒரு வழி. வேறொரு வகை நாடாப்புழு எலியிலிருந்து வருகிறது.

குட்டிகளின் கதை வேறு. உருண்டைப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும் என்பதால், புழு கண்ணில் படும்வரை காத்திருக்காமல் மூன்றாம் வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து தொடங்குவது வழக்கம். வயிறு மட்டும் உப்பி உடல் மெலிவதும், வாந்தியில் நீண்ட வெள்ளைப் புழு வருவதும் இதன் அடையாளங்கள். ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்தால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். குட்டிக்கு அது ஆபத்து. அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

சளியோடு நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தால், ஜியார்டியா, காக்சிடியா போன்ற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் காரணமாக இருக்கலாம். மலப் பரிசோதனை இல்லாமல் இவற்றுக்கு மருந்து கொடுப்பது குருட்டு வைத்தியம். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது. எனவே தொடர்ந்து மூன்று நாள் மாதிரி கேட்பார்கள். நாடாப்புழுவும் பரிசோதனையில் தப்புவதுண்டு. அந்த அரிசித் துண்டைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவது அதைவிடப் பயன் தரும்.

பூண்டு கொடுக்கச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்காதீர்கள், அது பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கசந்து நுரை தள்ளினால் பயப்பட வேண்டாம். வாய்வழி கொடுக்கவே முடியாத பூனைகளுக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்தும் இருக்கிறது.