நடுரோட்டில் நாயும் ஆடும் மாடும்: பைக் ஓட்டுகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

சிவகங்கைப் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஊர் ஊராகப் போவதெல்லாம் பைக்கில்தான். ரோட்டில் குறுக்கே வருகிற ஜீவன்கள் எனக்கு நோயாளிகள் என்பதால், மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவற்றைக் கவனித்திருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

டாக்டர், விடியற்காலை 5 மணிக்குப் பால் எடுக்கக் கிளம்புவேன். ஒரே தெருமுனையில் தினமும் அதே நாய்கள் துரத்துகின்றன. வேகமாகப் போய்விடுவதா, நிறுத்துவதா? (மானாமதுரைப் பால்காரர்)

நாய்க்கு அந்தத் தெருமுனை அதன் எல்லை. நாலைந்து வீட்டுத் தூரம் தாண்டிவிட்டால் அதுவே திரும்பிப் போய்விடும். பிரச்சினை அந்த நாலைந்து வீட்டுத் தூரத்தில்தான்.

துரத்துகிற நாய் நேராக உங்களை நோக்கி ஓடி வராது. இன்னும் இரண்டு நொடியில் நீங்கள் எங்கே இருப்பீர்களோ, அந்த இடத்தைப் பார்த்துக் குறுக்கே வெட்டி வரும். அதனால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். அது கிட்டே வந்ததும் சீராக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அது போட்ட கணக்கு தப்பி, வண்டிக்குப் பின்னால் போய்விடும். காலைத் தூக்கி உதைக்க வேண்டாம். விழுகிறவர்கள் பெரும்பாலும் நாய் கடித்து விழுவதில்லை, காலைத் தூக்கித்தான் விழுகிறார்கள்.

உங்களுக்கு அது தினசரி வழி என்பதால் இன்னொன்றும் செய்யலாம். வெளிச்சம் வந்த பிறகு திரும்பும்போது அந்த முனையில் வண்டியை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஓடாத வண்டியைத் துரத்த நாய்க்கு ஒன்றுமில்லை. பழகிய வாசனையானால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடுகிற தடுப்பூசிக்கு முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நாள் சொல்வார்கள். இலவசம்தான். இரண்டு ஊசியோடு நின்றுவிடாதீர்கள்.

மாடு திடீரென்று குறுக்கே வந்தால் பிரேக் பிடிப்பதா, வண்டியை ஒடிப்பதா? (திருப்பத்தூரிலிருந்து ஒரு தம்பி. கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டிருப்பது இதுதான்.)

முதலில் அந்தத் 'திடீரென்று'. மாடு எங்கேயாவது போக நினைத்துத்தான் ரோட்டுக்கு வருகிறது. எதிர்ப்பக்கம் அதன் கன்று நிற்கும், அல்லது கண்மாய்த் தண்ணீர் இருக்கும், அல்லது சாயங்காலம் ஆகி வீட்டு நினைப்பு வந்திருக்கும். ஒரு பக்கம் பசுவும் மறுபக்கம் கன்றும் நின்றால், இரண்டில் ஒன்று கடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை ஊரை நோக்கித் தலை வைத்து நடக்கிற மாடு, ஊர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பியே தீரும். நடுரோட்டைவிட ரோட்டின் இரு ஓரங்களையும் அதிகம் பாருங்கள். நம் பக்கம் சீமைக்கருவேலம் ஓரத்தை ஒட்டி அடைத்துக்கொண்டு நிற்பதால் மாட்டின் முகம் தெரியும்போது அது ஏற்கெனவே தாருக்கு வந்திருக்கும். அந்த மாதிரி இடத்தில் ரோட்டின் நடுப்பக்கமாக ஓட்டினால் பார்வை கொஞ்சம் முன்னால் கிடைக்கும்.

இனி கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அந்த 17 மீட்டர் போனது போனதுதான். அதற்குப் பிறகு காய்ந்த தாரில், நல்ல டயரோடு, பதறாமல் பிடித்தால் இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 37. அதே ஆள், அதே வண்டி 80-இல் போனால் 58 மீட்டர் வேண்டும். 40-இல் போனால் 20 போதும். மாட்டுக்காரர்கள் இருக்கிற ஊரை ஒட்டி 40-க்கு வந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மாடு, எருமை மாதிரிப் பெரிய உடம்பு என்றால் முதல் வேலை வேகத்தைக் குறைப்பது. ஹேண்டில்பாரை நேராக வைத்து, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து, சடக்கென்று இழுக்காமல் அழுத்திக்கொண்டே போங்கள். 'முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்' என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி, பாதிப் பேர் அந்த லீவரைத் தொடுவதே இல்லை. வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து விற்கிற 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழ் உள்ளவற்றில் பெரும்பாலும் சி.பி.எஸ். மட்டும்தான் இருக்கும். அது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்குமே தவிர, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. எந்த வண்டியானாலும் காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்துப் பழகுங்கள். மாட்டுக்கு முன்னால் வைத்துக் கற்றுக்கொள்கிற பாடம் இல்லை அது.

ஒடிப்பது இரண்டாவது. வேகம் குறைந்த பிறகு, பிரேக்கை விட்டுவிட்டு ஒடிக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சாய்த்தால் டயர் வழுக்கும். எந்தப் பக்கம்? மாட்டின் வால் பக்கம். நடக்கிற மாடு முன்னால் போகுமே தவிர, சட்டென்று பின்னால் வராது. கண்ணையும் அந்த வால் பக்கத்து இடைவெளியில் வையுங்கள். மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி மாட்டிடம்தான் போகும்.

கோழி, அணில், கீரி, சின்ன நாய் என்றால்? எனக்குச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. முடிந்தவரை பிரேக், ஆனால் நேராகவே போங்கள். கோழிக்காக ஒடித்து எதிரே வந்த லாரியில் போய் விழுந்தவர்கள் உண்டு.

ராத்திரி எட்டு மணிக்கு எருமை மேல் மோதிக் காலர் எலும்பு போய்விட்டது. சத்தியமாகக் கண்ணுக்கே தெரியவில்லை சார். (இளையான்குடிப் பக்கம்)

நம்புகிறேன். மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் உண்டு. அதனால் முகம் உங்கள் பக்கம் இருந்தால் இரண்டு புள்ளிகள் மின்னும். பக்கவாட்டில் நிற்கிற எருமை அந்தச் சலுகையைத் தராது. கறுப்புத் தோல், கறுப்புத் தார்.

எதிரே வருகிறவர் பிரைட்டில் வந்தால் இன்னும் மோசம். அவருடைய விளக்குக்குப் பின்னால் இருக்கிற இடம் உங்களுக்கு முழு இருட்டு. அவர் கடந்து போகிறவரை வேகத்தைக் குறைத்தே வையுங்கள், கடந்ததும் உடனே முறுக்க வேண்டாம். டிம்மில் ஓட்டும்போது ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அதற்குள் நிற்கிற வேகம்தான் உங்கள் வேகம். பல வண்டிகளுக்கு அது 40-க்கு மேல் தாங்காது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் மூக்கு தூக்கி, வெளிச்சம் மரக்கிளையைக் காட்டும். ஹெட்லைட்டை இறக்குகிற திருகு எங்கே என்று மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடுகள் ரோட்டில் வந்து படுப்பதற்கும் காரணம் உண்டு. மழை நாளில் வயலும் கொட்டிலும் சொதசொத என்றிருக்கும்போது தார் மட்டும்தான் காய்ந்திருக்கும். ராத்திரியில் அது கதகதப்பாகவும் இருக்கும். வண்டிகள் போகிற காற்றில் ஈயும் கொசுவும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மேடான ரோடு, பாலத்தின் இரு முனைகள், பஸ் நிறுத்தம் இவற்றில் கண்ணை வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லை. ரோட்டோரம் மேய்கிற மாட்டைவிட அதைக் கட்டியிருக்கிற கயிறு ஆபத்து. முளைக்குச்சி ஒரு பக்கம், புல்லைத் தேடிப் போன மாடு மறுபக்கம், நடுவில் தரையோடு கிடக்கிற கயிறு. மாடு தலையைத் தூக்கினால் கயிறு உங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். கட்டுகிறவர்களிடம் நான் சண்டை போட்டே பார்த்துவிட்டேன். மாட்டைப் பார்த்தால் கழுத்திலிருந்து கயிறு எந்தப் பக்கம் போகிறது என்று தேடுங்கள்.

ஆட்டு மந்தை நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது? ஹாரன் அடித்தால் கீதாரி (மந்தையை மேய்க்கிறவர்) திட்டுகிறார்.

திட்டத்தான் செய்வார். செம்மறியும் வெள்ளாடும் ஒன்று இல்லை, முதலில் அதைப் பாருங்கள். செம்மறி முன்னால் போகிற ஆட்டின் பின்னால் போகும். ஒன்று ரோட்டைக் கடந்துவிட்டால் மொத்த மந்தையும் கடக்கும், நடுவில் லாரியே வந்தாலும் சரி. அதனால் கடைசி ஆடு போகிறவரை நில்லுங்கள். 'இடைவெளி விழுந்திருக்கிறதே' என்று புகுந்தால், பிரிந்துபோன நாலு ஆடு மந்தையோடு சேர உங்கள் சக்கரத்துக்குள்தான் ஓடி வரும்.

வெள்ளாடு வேறு சாதி. பாதி ரோடு வரை வரும், நிற்கும், யோசிக்கும், வந்த வழியே திரும்பி ஓடும். மாட்டுக்குச் சொன்ன வால் பக்கக் கணக்கு இதனிடம் செல்லாது. வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வித்தை இல்லை. பெரிய ஆடு கடந்துவிட்டால் குட்டி பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கிடை ஆடுகள் மாவட்டம் விட்டு மாவட்டம் நடக்கும். அந்த மாதங்களில் விடிந்ததும் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை மந்தை ரோட்டில்தான் இருக்கும். தொரட்டியோடு ஒருவர் ரோட்டோரம் தனியாக நிற்பதைப் பார்த்தாலே கியரைக் குறைத்துவிடலாம்.

ஹாரன் பற்றி: நூறு மீட்டருக்கு முன்னால் லேசாக ஒன்று அடிக்கலாம், ஆள் திரும்பிப் பார்ப்பார். கிட்டே வந்து அடித்தால் ஆடு சிதறும். மாடு கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

பல்லடம் பக்கம் மயில் தொல்லை அதிகம். போன வாரம் ஒன்று ஹெல்மெட்டில் வந்து மோதியது.

கொங்குப் பக்கம் வருகிறபோது எனக்கும் அதுதான் பயம். ஆண் மயில் நாலு முதல் ஆறு கிலோ வரை இருக்கும். கனமான பறவை, எழும்ப நேரமாகும், அதனால் ஓரத்து வேலியிலிருந்து கிளம்பினால் ரோட்டைக் கடக்கும்போது சரியாக உங்கள் முகத்தின் உயரத்தில் இருக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு மூன்று உண்டு. முகம் மூடிய ஹெல்மெட், கண்ணாடி இறக்கியே. அரை ஹெல்மெட் இதற்கு உதவாது.

அடிபட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மயில் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த மயிலை வீட்டுக்கு எடுத்துப் போனால், இறகு அழகாக இருக்கிறது என்று சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள்.

நண்பர்கள் சேர்ந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாக மைசூர் போகிறோம். யானை வந்தால்? (கோவை)

நேரத்தை முதலில் பாருங்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கிறது. முதுமலை வழியாகப் போகலாம் என்றால் பந்திப்பூரில் 2009-லிருந்தே இரவு 9 முதல் காலை 6 வரை தடை. வெளிச்சத்திலேயே காட்டைத் தாண்டுகிற மாதிரிக் கிளம்புங்கள்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, வண்டியை வந்த திசைக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு அடிக்க வேண்டாம், ஹாரன் வேண்டாம், எஞ்சினை உறும விட வேண்டாம். ரோட்டின் இரண்டு பக்கமும் யானை நின்றால், நடுவில் குட்டி கடக்கப் போகிறது என்று அர்த்தம். அங்கே கார் போனதே என்று நீங்கள் போகக் கூடாது. காரப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டிலேயே காத்து நிற்பது வழக்கமாகிவிட்டது. கரும்பு லாரியை ஒட்டி ஓட்டாதீர்கள். செல்ஃபி பற்றிக் கேட்டவருக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை.

கோத்தகிரியில் காட்டுமாடு நின்றால்?

ஆயிரம் கிலோ வரை வளர்கிற உடம்பு. பேசாமல் நிற்பதால் சாது என்று நினைக்க வேண்டாம். நின்று, வழிவிட்டு, அது போன பிறகு போங்கள்.

பாம்பு?

நேராகப் போங்கள். வழுக்கலாம், ஒடித்தால் நிச்சயம் வழுக்கும்.

ஒரு பசு மேல் மோதிவிட்டேன். எனக்குக் கை முறிவு, வண்டிக்குச் செலவு. மாட்டுக்காரர் முதலில் பணம் கேட்டார், போலீஸ் என்றதும் 'என் மாடே இல்லை' என்கிறார். (காளையார்கோவில்)

இந்தப் பல்டி எனக்குப் பழக்கம். முதலில் பொதுவாகச் சொல்கிறேன். அடிபட்டால் மனிதர்களுக்கு 108. மாட்டுக்கு 1962, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். தேசிய நெடுஞ்சாலையில் மாடு படுத்துக் கிடந்தால் 1033-க்குச் சொல்லலாம். அடிபட்ட மாட்டை நீங்களாக இழுத்து ஓரத்தில் போடாதீர்கள். வலியில் உதைக்கும், அதன் எலும்பும் இன்னும் உடையும்.

இன்ஷூரன்ஸில், வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டிச் செலவு கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் மாட்டில் மோதினதும் விபத்துதான், கேட்கலாம். கட்டாயமாக எடுக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கை முறிவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் மாட்டுக்காரர். மாட்டின் காதில் மஞ்சள் தோடு ஒன்று இருந்ததா? அதில் 12 இலக்க எண் இருக்கும். தடுப்பூசி போடும்போது நாங்கள் மாட்டுவது, உரிமையாளர் விவரத்தோடு பதிவாகியிருக்கும். புகார் கொடுக்கும்போது அந்த எண் தெரிகிற போட்டோ இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். போலீஸ் எங்கள் மருத்துவமனையில் கேட்டால் மாடு யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.