வெளிநாட்டு ஷாப்பிங் தெருக்கள்: எங்கே வேடிக்கை, எங்கே வாங்கல்?

கேள்வி: லண்டன், பாரிஸ், இஸ்தான்புல், துபாய், பாங்காக், டோக்கியோ போன்ற நகரங்களில் எல்லோரும் சொல்லும் ஷாப்பிங் பகுதிகளில் எவை உண்மையிலேயே போகத் தகுந்தவை? எங்கே எதை வாங்கலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

பேர் வாங்கிய தெரு பெரும்பாலும் வேடிக்கை பார்க்கத்தான். பொருள் வாங்க அதிலிருந்து நாலு தெரு தள்ளிப் போக வேண்டும். லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டிலும் பாரிஸ் ஷான்ஸ்-எலிசேயிலும் வரிசை கட்டி நிற்கும் பிராண்டுகளில் முக்கால்வாசி எந்தப் பெரிய மாலிலும் இருப்பவை. நேரம் ஒதுக்க வேண்டியது, ஒரே தொழில்காரர்கள் ஒரு தெருவையே பிடித்து வைத்திருக்கும் இடங்களுக்கு. பத்துக் கடையில் ஒரே பொருளை விசாரிக்க முடிகிற இடத்தில்தான் சரியான விலை எது என்று நமக்கே பிடிபடும்.

இதற்கு நல்ல உதாரணம் இஸ்தான்புல். 1453-ல் நகரம் ஒட்டோமான்கள் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே கிராண்ட் பஜாருக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். இன்று 60-க்கு மேற்பட்ட தெருக்கள், சுமார் 4,000 கடைகள், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க விடுமுறை. இரண்டு நாள் பயணத்தில் ஞாயிறை இதற்கென்று வைத்துவிட்டு, பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நூருஒஸ்மானியே வாசல் வழியாக நுழைந்தால் நேராக கல்பக்சிலார் தெரு, இரண்டு பக்கமும் நகைக் கடைகள். நடுவில் இருக்கும் பழைய கல் மண்டபம்தான் இந்தச் சந்தையின் கரு. வெள்ளி, பழைய கடிகாரம், அபூர்வச் சாமான் எல்லாம் அதற்குள்.

அங்கே கம்பளம் பார்ப்பதென்றால் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்தில் பின்பக்கமும் அதே ஓவியம் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் இம்மி முன்பின்னாக இருக்கும். ஓரத்துக் குஞ்சம், நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் தொடர்ச்சியாகவே வெளியே வரும். குஞ்சத்தைத் தனியாக வைத்துத் தைத்திருந்தால் பெரும்பாலும் மெஷின் வேலை. 'சுத்தப் பட்டு' என்று சொல்லி விஸ்கோஸ் என்ற செயற்கை இழையையோ பளபளப்பு ஏற்றிய பருத்தியையோ நீட்டுவது பழைய தந்திரம். குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழை கேட்டு வாங்கிக் கொளுத்தினால் குட்டு உடைந்துவிடும். பட்டு கருகிய முடி வாசனை தரும், சாம்பல் விரலில் பொடியாகும். விஸ்கோஸும் பருத்தியும் காகிதம் எரிகிற வாசனைதான் தரும். இழை தர மறுக்கிற கடையில் பட்டு விலை கொடுக்காதீர்கள். பழமையான கம்பளம், பழைய நாணயம் போன்றவற்றைத் துருக்கியிலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டத்தடை உண்டு. ஆகவே எதை வாங்கினாலும் புதுச் சரக்கு என்று எழுதிய பில் அவசியம்.

பேரத்தில் ஒரே விதி: வாங்கும் உத்தேசம் இல்லாத பொருளுக்கு வாய் திறந்து ஒரு விலை சொல்லக்கூடாது. சொன்ன விலைக்குக் கடைக்காரர் சரி என்றுவிட்டால் பின்வாங்குவது மரியாதை இல்லை. கடைக்காரர் கொடுக்கும் தேநீரைக் குடித்ததற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. துண்டு, துணிமணி, பாத்திரம் மாதிரி அன்றாடச் சாமான்களுக்கு பஜாரை விட்டு வெளியேறி, எமினோனு நோக்கி இறங்கும் மஹ்மூத்பாஷா சரிவுக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்குவது அங்கேதான்.

துபாய் தேரா தங்கச் சந்தையில் பேரம் வேறு மாதிரி. தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். நகரத்து நகை வியாபாரிகள் குழு அறிவிப்பதைப் பலகையில் போட்டிருப்பார்கள். அதில் ஒரு காசு குறையாது. பேரம் செய்கூலியில் மட்டுமே. கிராம் 400 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால், 20 கிராம் வளையலுக்குத் தங்கம் 8,000. செய்கூலி கிராமுக்கு 25 சொல்கிறார் என்றால் 500. மொத்தம் 8,500, அதன் மேல் 5 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) 425, ஆக 8,925 திர்ஹம். செய்கூலியை 15-க்கு இறக்கினால் கடைசித் தொகை 8,715. நீங்கள் போராடியது 210 திர்ஹத்துக்காக. எனவே 'மொத்தத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று ஒருவர் சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள்; அது செய்கூலியில் மட்டும் பத்து சதவீதமாக இருக்கும், இல்லையென்றால் செய்கூலியை முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார்கள். பில்லில் தங்க எடை, செய்கூலி, வரி மூன்றும் தனித்தனி வரியாக வேண்டும் என்று கேளுங்கள். கல் பதித்த நகையில் கல்லைக் கழித்த நிகர எடையும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் தங்க விலை கொடுத்ததாகிவிடும். முத்திரை 22 காரட்டுக்கு 916, 21-க்கு 875, 18-க்கு 750.

மதியம் ஒரு மணி வாக்கில் பல கடைகள் அடைத்துவிட்டு நான்கு மணிக்கு மேல் திறக்கும், வெள்ளிக்கிழமை பகலில் பாதிச் சந்தை மூடியிருக்கும். மாலைதான் தோது. பர் துபாய் பக்கம் தங்கியிருந்தால் டாக்சி வேண்டாம், ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஓடையைத் தாண்டினால் சந்தை நடக்கிற தூரம். சந்துகளில் 'காப்பி வாட்ச், காப்பி பேக்' என்று காதருகே வந்து சொல்பவர்களுடன் மாடி அறைக்குப் போகாமல் இருப்பது எல்லா விதத்திலும் நல்லது.

டாக்ஸ் ரீஃபண்டில்தான், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாட்டைவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறுவதில்தான், அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். முதலில், எங்கே உண்டு, எங்கே இல்லை என்ற தெளிவு. லண்டனில் இல்லை. 2021 ஜனவரி 1-உடன் கிரேட் பிரிட்டனில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டைத் திருப்பித் தரும் முறை நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஹீத்ரோ விமான நிலையத்தில் கவுன்ட்டர் தேட வேண்டாம். பொருளைக் கடையே நேராக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரி இல்லாமல் தர முடியும். ஹாங்காங்கில் விற்பனை வரியே கிடையாது, அதனால் திரும்ப வாங்கவும் எதுவும் இல்லை.

பாரிஸில் உண்டு. ஒரே கடையில் மூன்று நாட்களுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இத்தாலியில் 2024 முதல் 70 யூரோ போதும். பணம் கட்டும்போதே அசல் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்க வேண்டும். மறுநாள் வந்து கேட்டால் பெரும்பாலும் கை விரிப்பார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டுங்கள். பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் சுங்க அதிகாரியிடம் போய்ப் பொருளைக் காட்ட வேண்டும். பெட்டியைப் போட்டுவிட்டுப் போய் நின்றால் காட்டப் பொருள் இருக்காது. பாரிஸிலிருந்து ரோம் போய் அங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் இதெல்லாம் ரோமில் நடக்க வேண்டும், ஏனென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி நிலையத்தில்தான் சுங்க முத்திரை விழும்.

எவ்வளவு வரும் என்பதிலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வாட் 20 சதவீதம் என்றவுடன் 600 யூரோ பில்லுக்கு 120 வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 600-க்குள் இருக்கும் வரியே 100 யூரோதான். படிவத்தைக் கையாளும் இடைத்தரகு நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்த பிறகு பெரும்பாலும் 70 யூரோ அளவில்தான் கைக்கு வரும், விமான நிலையத்தில் ரொக்கமாகக் கேட்டால் இன்னும் குறையும். கார்டில் வரவு வைக்கச் சொல்வதே மேல். சிங்கப்பூரில் இந்தத் தலைவலி குறைவு: ஜிஎஸ்டி 9 சதவீதம், 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வாங்கினால் போதும், கடை உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணைத்துவிடும், மிச்சம் சாங்கி விமான நிலைய இயந்திரத்தில்.

பாரிஸில் நேரம் குறைவென்றால் ஷான்ஸ்-எலிசேயை விட ஹவுஸ்மான் பூல்வார் மேல். பிரின்டெம்ஸ், கேலரீஸ் லஃபாயெத் என்ற இரண்டு பெரிய பல்பொருள் அங்காடிகளும் பக்கத்துப் பக்கத்தில். லஃபாயெத்தின் 1912-ம் ஆண்டு கண்ணாடிக் குவிமாடத்தைப் பார்க்கவே உள்ளே போகலாம், மொட்டை மாடிக்கு ஏறக் கட்டணம் இல்லை. பெரிய தள்ளுபடிக் காலம் அரசு விதிப்படி நடப்பது. குளிர்காலத் தள்ளுபடி பொதுவாக ஜனவரி இரண்டாம் புதன்கிழமை தொடங்கும், கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசிப் புதனில். ஒவ்வொன்றும் நான்கு வாரம். முதல் வாரத்தில் எல்லா அளவும் கிடைக்கும், கடைசி வாரத்தில் விலை அடிமட்டத்துக்குப் போகும். காலணி என்றால் முதல் வாரமே போய்விடுங்கள்.

லண்டனில் ஞாயிறு ஒரு பொறி. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று காலை 10 முதல் மாலை 6-க்குள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் மட்டுமே விற்கலாம் என்பது 1994-ம் ஆண்டுச் சட்டம். பெரும்பாலான பெரிய கடைகள் 12 முதல் 6 வரை வைத்துக்கொள்கின்றன. பதினொன்றரைக்கே கதவைத் திறந்து உள்ளே விடுவார்கள், சுற்றிப் பார்க்கலாம், ஆனால் கல்லா 12-க்குத்தான் வேலை செய்யும். சனிக்கிழமை மதியம் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நிலையத்தில் இறங்குவதைத் தவிர்த்து பாண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடப்பது நல்லது.

பாங்காக் சதுசாக் சந்தை சனி, ஞாயிறுதான். புதன், வியாழனில் செடிகள் விற்பார்கள், அதைப் பார்த்துவிட்டு 'சந்தை திறந்திருக்கிறது' என்று யாரோ எழுதிவிடுகிறார்கள். சுரங்க ரயிலில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் படியேறிய இடமே சந்தை. காலை ஒன்பதரைக்குள் போய், வெயில் தகிக்கும் முன் முடித்துக்கொள்ளுங்கள். பிடித்ததைப் பார்த்த கடையிலேயே வாங்கிவிடுங்கள். 'சுற்றிவிட்டு வருகிறேன்' என்றால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது சிரமம். நடுவிலுள்ள மணிக்கூண்டை அடையாளம் வைத்துக்கொண்டு, பிரிவு எண்ணைப் போட்டோ எடுத்து வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். மொத்தமாக உடை வேண்டுமென்றால் பிரதூனாமில் உள்ள பிளாட்டினம் மால். பல கடைகளில் மூன்று உருப்படியிலிருந்து மொத்த விலை, ஆனால் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், மாற்றித் தரவும் மாட்டார்கள். அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், தாய் அளவுகள் சிறியவை. புத்தர் சிலைகளைப் பொறுத்தவரை, நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல நுண்கலைத் துறை அனுமதி வேண்டும் என்பதைக் கடையில் சொல்லமாட்டார்கள்.

டோக்கியோவில் கின்சாவுக்கு வார இறுதி மதியம் போங்கள். பிரதானச் சாலையை வண்டிகளுக்கு மூடி நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள், 1970 முதல் இருக்கும் வழக்கம். வாங்குவதற்கு என்னுடைய தேர்வு கப்பாபாஷி. உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் சுமார் 800 மீட்டர் நீளம், முழுக்கச் சமையலறைச் சாமான். ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும். கத்தி வாங்கும்போது மூன்று விஷயம். ஒருபக்கம் மட்டும் தீட்டிய கத்திகள் வலக்கைக்காரர்களுக்கானவை, இடக்கை என்றால் தனியாகக் கேட்க வேண்டும். கார்பன் ஸ்டீல் நன்றாக வெட்டும், ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டு ஈரத்தோடு வைத்தால் அன்றே கறை பிடிக்கும்; அந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கைப்பையில் வைத்தால் விமானநிலையச் சோதனையில் பறிபோகும், பெட்டியில்தான் போட வேண்டும்.

மின்சாதனம் என்றால் ஜப்பானில் 100 வோல்ட். லேபிளில் 100-240 என்று இருந்தால் கவலையில்லை. 100 மட்டும் போட்டிருக்கும் ரைஸ் குக்கரை 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். டாக்ஸ் ஃப்ரீ வரம்பு வரிக்கு முந்தைய விலையில் 5,000 யென். 2026 அக்டோபர் முடியக் கடையிலேயே 10 சதவீதம் கழிக்கும் முறை. 2026 நவம்பர் 1 முதல் வரியோடு கட்டிவிட்டு, புறப்படும்போது சுங்கச் சரிபார்ப்பு முடிந்தபின் திரும்பப் பெறும் முறை.

ஹாங்காங்கில் லேடீஸ் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஷாம் ஷுய் போ போங்கள். அப்லியூ தெருவில் எலக்ட்ரானிக்ஸ், யூ சாவ் தெருவில் மணிகள், கி லுங் தெருவில் துணியும் பொத்தானும். சியோல் டோங்டேமுனில் மொத்த விற்பனைக் கட்டடங்கள் இரவில்தான் உயிர்பெறும், மாலை எட்டு வாக்கில் திறந்து விடியும்வரை. பகலில் போனவர்கள் பார்ப்பது சில்லறை மால்களை மட்டும்.

நியூயார்க்கில் லேபிளில் இருக்கும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல, 8.875 சதவீதம் மேலே ஏறும். உடைக்கும் காலணிக்கும் மட்டும் ஒரு சலுகை: உருப்படி 110 டாலருக்குக் கீழே இருந்தால் அந்த வரி இல்லை. 109 டாலர் சட்டை 109-தான், 115 டாலர் சட்டை 125-ஐத் தாண்டிவிடும். வரம்பு மொத்த பில்லுக்கு அல்ல, ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனி, எனவே 90 டாலரில் நாலு சட்டை எடுத்தாலும் வரி கிடையாது. 47-வது தெரு வைரக் கடைகளில் பல சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளி பிற்பகலிலேயே அடைக்கத் தொடங்குவார்கள்.

எந்த ஊரிலும் கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டவா, உள்ளூர் நாணயத்தில் கட்டவா' என்று கேட்டால் உள்ளூரையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி போடாது. இயந்திரக்காரர் தன் லாபத்தைச் சேர்த்துப் போடுவார். சில இடங்களில் விற்பவரே கேட்காமல் அழுத்திவிடுவார். ரசீதில் இரண்டு நாணயங்களின் பெயரும் தெரிந்தால் கையெழுத்துப் போடாமல் ரத்து செய்து மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள்.