‘லிமிட்டுக்குள்தான் இருக்கிறது’ என்றால் போதுமா?

கேள்வி: அம்பத்தூரில் உதிரி பாகங்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 34. ஓ.டி. சேர்த்துப் பல நாள் 12 மணி நேரம் ஆகிவிடும். சாயங்காலமானால் தலைவலி, கிறுகிறுப்பு. சில மாதங்களாக ராத்திரியில் இருமல் வேறு. சமீபத்தில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து காற்றைச் சோதித்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் எங்களுக்கும் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எடுத்தார்கள். ‘எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது’ என்கிறார் சூப்பர்வைசர். நம்பலாமா டாக்டர்?

பதில்: ரிப்போர்ட்டில் உள்ள எண் சரியாகவே இருக்கலாம். அது உங்கள் மூச்சில் போன காற்றின் எண்தானா என்பதுதான் என் சந்தேகம்.

காற்றைப் பிடித்த கருவி எங்கே இருந்தது? ஷெட்டின் நடுவில் ஸ்டாண்டில் வைத்து எடுத்திருந்தால், பூத்துக்குள் குனிந்து பெயின்ட் அடிக்கும் உங்களைப் பற்றி அது அதிகம் சொல்லாது. முறையாகச் செய்பவர்கள் தொழிலாளியின் இடுப்பில் சின்ன பம்பு ஒன்றைக் கட்டி, காற்றை இழுக்கும் முனையைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து சுமார் 30 செ.மீ.க்குள் மாட்டிவிடுவார்கள். ஷிஃப்ட் முழுக்க அது ஓட வேண்டும். பெயின்ட் கலக்கும் நேரமும், தின்னரில் கன் கழுவும் நேரமும் அதற்குள் வந்தாக வேண்டும். ஆவி அதிகமாக மூக்கில் ஏறுவது அப்போதுதான். கையைத் தின்னரில் கழுவும் பழக்கம் இருந்தால் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதை எந்தப் பம்பும் காட்டாது.

அடுத்து, எந்த லிமிட்? தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீனுக்கு, நமது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை வைத்த அளவு 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு ஆவி). அமெரிக்காவில் தொழிலிடச் சுகாதார நிபுணர்களின் ஏ.சி.ஜி.ஐ.ஹெச். அமைப்பு பரிந்துரைப்பது 20 பி.பி.எம். ஒரே காற்று ஒரு கணக்கில் பாஸ், இன்னொன்றில் பல மடங்கு அதிகம். இரண்டுமே 8 மணி நேர வேலைக்கான சராசரி. 90 பி.பி.எம். காற்றில் நீங்கள் 12 மணி நேரம் நின்றால், 8 மணி நேரக் கணக்கில் அது 135. ஓ.டி. பார்ப்பவருக்கு 8 மணி நேர அளவை அப்படியே காட்டி ‘லிமிட்டுக்குள்’ என்பது எனக்கு ஏற்புடையதல்ல.

சிறுநீர்ப் பரிசோதனையை நேரம் பார்த்து எடுக்க வேண்டும். டொலுவீனின் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே உடலைவிட்டு வெளியேறிவிடும். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலையில் எடுத்தால் சுத்தமாகத்தான் வரும். ஷிஃப்ட் முடிந்த கையோடு எடுத்திருக்க வேண்டும். டொலுவீன் உடலில் மாறி உருவாகும் ஹிப்யூரிக் அமிலத்தைப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. பாட்டில் கூல்டிரிங்க்ஸ், கடை ஊறுகாயில் சேர்க்கும் பென்சோயேட்டே அந்த அளவை ஏற்றிவிடும். அதேபோல் டொலுவீனிலிருந்து உருவாகும் ஆர்த்தோ கிரெசால் அல்லது சிறுநீரிலேயே டொலுவீன் அளவைப் பார்ப்பது மேல். மார்பு எக்ஸ்ரேவில் தின்னர் செய்யும் கெடுதல் எதுவும் தெரியாது.

தலைவலியைவிட உங்கள் இருமல்தான் எனக்குக் கவலை தருகிறது. இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்டா என்று பாருங்கள். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருந்தால் ஆஸ்துமா வரலாம். தின்னருக்கான சோதனையில் அது சிக்காது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், லிமிட்டுக்கு எவ்வளவோ கீழே இருந்தாலும் மூச்சு இழுக்கும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது.

லீவு நாட்களில் இருமல் குறைகிறதா என்று குறித்து வையுங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, வேலை நாளிலும் லீவு நாளிலுமாக மூன்று வாரம், தினமும் நான்கு முறை ஊதி எழுதுங்கள். அந்த நோட்டையும், பெயின்ட், ஹார்ட்னர் டப்பாக்களின் லேபிள் போட்டோவையும் எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கேயே காட்டலாம். மூச்சுத்திணறலோ வீசிங்கோ வந்தால் மூன்று வாரம் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

கம்பெனியில் தனி ஆளாகக் கேட்கத் தயக்கம் இருக்கும், புரிகிறது. பூத்தில் உங்களோடு நிற்பவர்களுக்கும் இதே தலைவலி இருக்கிறதா என்று விசாரித்து, சேர்ந்து கேளுங்கள். பம்பு யார் உடம்பில் மாட்டப்பட்டது, எத்தனை மணி நேரம், அன்று எவ்வளவு வேலை ஓடியது என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். இப்படி அளக்கும் வேலைக்குத் தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.